இந்தப் புடவை எப்படி இருக்கும், தம்பி?

"ஆக்சஸிபிலிட்டி அது இதுன்னு பார்த்தா எல்லா சைட்டும் கவர்ன்மென்ட் சைட் மாதிரிதான் இருக்கும்."

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மீட்டிங்கில் இப்படிச் சொன்னவன் நான். ஆக்சஸிபிலிட்டி என்றால் அணுகல்தன்மை, பார்வையில்லாதவர், மவுஸ் பிடிக்க முடியாதவர் என்று எல்லோரும் ஒரு வெப்சைட்டைப் பயன்படுத்த முடிவது. நான் வடிவமைத்த ஒரு முகப்புப் பக்கத்தில் வெளிர் சாம்பல் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை என்று, டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த டெஸ்டர் பெண் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெண் நோட்டை மூடி வைத்துவிட்டார். பக்கம் அப்படியே வெளியானது, பாராட்டும் கிடைத்தது. மறந்துபோயிருக்க வேண்டிய சின்ன விஷயம். ஆனால் கடந்த இரண்டு வருஷமாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வண்டி ஓட்டும்போது, சமையலறையில் நிற்கும்போது, சம்பந்தமே இல்லாத நேரத்தில் வந்து நிற்கிறது. அதை எழுதித் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அன்று நான் சொன்னதை உண்மையாகவே நம்பினேன். என் மனதில் இருந்த அரசுத் தளம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மேலே வலது மூலையில் எழுத்தைச் சிறிதாக்க, பெரிதாக்க மூன்று 'அ', பக்கத்தில் நிறம் மாற்ற இரண்டு கட்டம், கீழே நீல நிறத்தில் லிங்க்குகளின் நீண்ட வரிசை. அணுகல்தன்மை என்றால் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன். அந்தத் தளங்களின் உள்ளே போனால் சுற்றறிக்கைகள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்களாக இருக்கும், பார்வையில்லாத ஒருவருக்கு அதில் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது என்பதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை. பழைய ஆவணங்கள் பலவும், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முந்தைய, 'வானவில்' என்ற பெயரில் வந்தது போன்ற எழுத்துருக்களில் இருந்தன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குப்பை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை அப்படியே குப்பையாகத்தான் படிக்கும். ஆக நான் எதைப் பார்த்து பயந்தேனோ அது அணுகல்தன்மையே இல்லை. அதன் பெயரில் மேலே ஒட்டிவைத்த மூன்று 'அ' மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்து வந்ததே சிஎஸ்எஸ் ஜென் கார்டன். கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே 2003-ல் தொடங்கிய தளம் அது. உரையும் அதன் அமைப்பும் மட்டும் உள்ள ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம், அதில் ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் தங்கள் கைவண்ணத்தைக் காட்டலாம். காலேஜ் லேபில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒன்று பழைய சுவரொட்டி மாதிரி இருக்கும், ஒன்று கடலுக்கடியில் இருப்பது மாதிரி இருக்கும். ஒரே பக்கம்தான் இத்தனை வேஷம் போடுகிறதா என்று வியந்த எனக்கு, அடியில் இருந்த அந்த மாறாத பக்கத்தைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கத் தோன்றவில்லை. தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் சுத்தமாக எழுதப்பட்ட பக்கம் அது. எந்த வடிவமைப்பில் திறந்தாலும் திரைவாசிப்பானுக்கு ஒரே உரைதான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு இடம் கொடுத்ததே அந்தக் கண்டிப்புதான். நான் மேலே இருந்த வேஷத்தை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

திரை அணைந்த லேப்டாப்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை. மூன்று தலைமுறைக் கடை. அவர்களுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன், ஆறு மாத வேலை. சந்தன நிறப் பின்னணியில் தங்க நிற எழுத்து. பக்கம் திறந்ததும் ஒரு முந்தானை மெல்ல விரிந்து திரையை நிறைக்கும். புடவையின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் விலை தெரியும், அதுவரை படம் படமாகவே அமைதியாக இருக்கும். நிறங்களுக்குப் பெயர் கிடையாது, சின்னச் சின்ன வட்டங்கள்தான். கடைக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கும்தான். அதுவரை நான் செய்ததிலேயே சிறந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து கடைக்காரர் கூப்பிட்டார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தாராம். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும், உங்கள் சைட் ஒன்றுமே பேசவில்லையே என்று கேட்டாராம். "என்ன தம்பி, சைட் பேசுமா?" என்று என்னிடம் கேட்டார் கடைக்காரர். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை அவர். கூடத்து மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எனக்கொரு நாற்காலி போட்டார். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. பழுதோ என்று நினைத்தேன், வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருக்கிறார். "எனக்கெதுக்கு தம்பி வெளிச்சம், பேட்டரிதான் செலவாகும்." அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று பார்வையில்லாத இரண்டு பேர் சேர்ந்து வளர்த்தது. 2006-ல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தார். அப்புறம் நான் ஆறு மாதம் செதுக்கிய தளத்தை முதல்முறையாகக் காதால் கேட்டேன்.

'ஹெச்' என்ற எழுத்தைத் தட்டினார். பக்கத்தில் இருக்கும் தலைப்புகளுக்குத் தாவிப்போக அதுதான் வழி. கண்ணுள்ளவர்கள் செய்தித்தாளை மேலோட்டமாகப் புரட்டுவது போல அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போவார்கள். "அடுத்த தலைப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னது. தங்க நிறத்தில் அவ்வளவு பெரிதாக நான் வரைந்து வைத்ததெல்லாம் வெறும் பெரிய எழுத்து, தலைப்பு என்று எங்கேயும் நான் குறிக்கவில்லை. படங்களுக்குப் போனார். "லிங்க், கிராஃபிக், டிஎஸ்சி பூஜ்யம் நான்கு ஒன்று இரண்டு." கேமரா வைத்த பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். நிற வட்டங்களுக்கு வந்தார். "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." எட்டு முறை. விலை எங்கேயும் வரவில்லை, மவுஸ் போனால்தானே வரும். இதில் என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது வேறொன்று. புடவைகளைப் பற்றி நான்கைந்து வரி நல்ல தமிழில் எழுதியிருந்தோம். அது வந்தபோது லேப்டாப் வாயே திறக்கவில்லை. டெம்ப்ளேட்டின் முதல் வரியில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று இருந்ததை நான் மாற்றவில்லை. மொழி தமிழ் என்று தெரிந்தால் தமிழ்க் குரலுக்குத் தானாக மாறும்படி அவர் வைத்திருந்தார். தெரியாததால் ஆங்கிலக் குரலே தொடர்ந்தது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, பேசாமல் தாண்டிப் போய்விட்டது. "தமிழ்லயும் எழுதியிருக்கீங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். சரி, பிழைகள்தானே, திருத்திவிடலாம் என்று எனக்குள் ஒரு தைரியம் இருந்தது. கிளம்பும் நேரத்தில் அவர் கேட்டார். "அந்த டிஎஸ்சி நாலு ஒண்ணு ரெண்டு இருக்கே, அது எப்படி இருக்கும் தம்பி?"

"மெரூன் கலர் டீச்சர். கோல்ட் பார்டர். நல்லா கிராண்டா இருக்கும்."

"அது எல்லாப் பட்டுப்புடவைக்கும் சொல்றதாச்சே. இந்தப் புடவை எப்படி இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானூறு புடவைகளை ஒவ்வொன்றாகத் திரையில் வைத்து, நிழல் சேர்த்து, ஓரம் வெட்டி, இடைவெளி அளந்து ஆறு மாதம் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கரையில் ஏதோ கோபுரம் மாதிரி வரிசையாக இருந்தது, முந்தியில் ஏதோ பறவை. "ஏதோ" என்றுதான் வாயில் வந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கையில் ஒரு டம்ளர் மோர் இருந்ததும், வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்று எழுந்து வந்தேன்.

போனில் புடவை விற்றவர்

அன்றைக்கு வரை நான் வடிவமைத்தது புடவையை இல்லை, புடவையின் படத்தை. இது பஸ்ஸில் திரும்பி வரும்போது புரிந்தது. அலங்காரம் எல்லாம் படத்தைச் சுற்றித்தான். பொருளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தும் வேலை முடிந்திருக்கிறது, யாருக்கும் குறையாகவும் படவில்லை. கண் ஒரு படத்தைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடுகிறது. பார்ப்பவரும் கேட்கமாட்டார், செய்பவனும் சொல்லமாட்டான்.

அடுத்த வாரம் காஞ்சிபுரம் போனேன். கடையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பதினைந்து வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு முறை போகும்போதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், வணக்கம் சொல்வதோடு சரி. அவரிடம் டீச்சர் கேட்டதைச் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "இதுதானே நான் முப்பது வருஷமா செஞ்ச வேலை" என்றார். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் மலேசியா, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்குப் போனில் புடவை விற்றவர் அவர்தான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, புடவையை மடியில் விரித்து வைத்து, அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணால் பார்க்காமலே முடிவெடுக்கும்படி சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் புடவை திரும்பி வரும், கப்பல் செலவு கடைக்கு.

அந்த 412-ஆம் புடவையை எடுத்து வரச் சொன்னேன். மடியில் போட்டுக்கொண்டு, போனில் பேசுவது போலவே சொல்லச் சொன்னேன். நான் எழுதிக்கொண்டேன். "கல்யாணப் பொண்ணுக்கு இல்லம்மா, பொண்ணோட அம்மா, சித்தி கட்டுற புடவை. உடம்பு அரக்கு. மெரூன் இல்ல, அரக்கு, கொஞ்சம் கருப்பு கலந்த சிவப்பு. பிளெயின் உடம்பு, புட்டா கிடையாது. கரை மயில்கழுத்து, நாலு விரல் அகலம். கோர்வைக் கரை, தனியா நெய்து கோத்தது, சேர்ற இடத்துல கோபுரம் கோபுரமா பல்லு பல்லா ஏறும். முந்தி பெட்னி போட்டது, அதாவது வேற கலர் நூல் இணைச்சு நெய்தது, கரை கலர்லயே வரும். முந்தியில அன்னபட்சி ரெண்டு வரிசை. ஜரிகை நெறைய இருக்கு, கையில எடுத்தா கனம் தெரியும், உடுத்திட்டா தெரியாது."

பேனாவை வைத்துவிட்டு நான் கேட்டேன், மயில்கழுத்து என்றால் நீலமா, பச்சையா? பெரியவர் புடவையின் கரையை ஜன்னல் வெளிச்சத்தில் மடித்துக் காட்டினார். நேராகப் பிடித்தால் நீலம், சாய்த்தால் பச்சை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். இரண்டும் கலந்து நெய்வதால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒவ்வொன்றாகத் தெரியும். என் நிற வட்டத்தில் அதற்கு நான் எடுத்திருந்தது போட்டோஷாப்பில் ஒரு புள்ளியிலிருந்து உறிஞ்சிய ஒரு பச்சை. கண்ணுள்ளவர்களுக்கும் அதில் அந்த நிறம் கிடைக்கவில்லை. வெங்காயத்தோல், வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். புளூ என்று பெரியவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் பெயர் வாங்கிய நீலம் அது. இத்தனை பெயரும் எங்கள் வீட்டுப் பெண்கள் தினம் புழங்குவதுதான். எட்டு வட்டம் போட்டு இத்தனையையும் வெளியே தள்ளியிருக்கிறேன்.

பெரியவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். முதலில் யாருக்கு என்பது, அப்புறம் உடல், கரை, முந்தி, கடைசியில் கனம். நிறத்தோடு அவர் தொடங்கவே இல்லை. முப்பது வருஷம் போனில் தவறிவிழுந்து எழுந்து கண்டுபிடித்த வரிசை அது. அதையே பக்கத்தின் அமைப்பாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு புடவைப் பக்கத்திலும் தலைப்புகள் அந்த வரிசையில்தான் வரும். டீச்சர் 'ஹெச்' தட்டிக்கொண்டே போனால் பெரியவர் போனில் சொல்வது போலக் கேட்கும். தேடும் இடத்தில் விலை, நிறம் என்று வழக்கமாக வைக்கும் வடிகட்டிகளுக்கு மேலே "யாருக்கு?" என்று ஒன்றை வைத்தோம். கல்யாணப் பெண்ணுக்கு, பெண்ணின் அம்மாவுக்கு, வளைகாப்புக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு. இது எனக்கு எந்த டிசைன் தளத்தைப் பார்த்தும் வந்திருக்காது. வெளிநாட்டுத் தளங்களைப் பார்த்துப் பார்த்து நான் வரைந்த பழைய பக்கம் எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும். இந்தப் பக்கம் இந்தக் கடைக்கு மட்டும்தான் பொருந்தும்.

கங்கா ஜமுனா

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். மவுஸ் இல்லாமல் 'டேப்' கீயால் ஒரு பக்கத்தில் போகும்போது, இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்ட உலாவி ஒரு கோடு போடும். டிசைனர்கள் பலருக்கும் அந்தக் கோடு பிடிக்காது. 'அவுட்லைன் வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி அதை அழித்துவிடுவோம். நான் என் தொழில் வாழ்க்கையில் அதை அழிக்காமல் விட்ட தளம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. கை நடுக்கம் உள்ளவர், மவுஸ் பிடிக்க முடியாதவர், இவர்களுக்கெல்லாம் அந்தக் கோடு போனால் இருட்டில் தடவுவது மாதிரிதான்.

இந்தமுறை அந்தக் கோட்டை அழிக்காமல் வைப்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் சிக்கல். பின்னணியில் நானூறு புடவைகள், நானூறு நிறங்கள். கறுப்புக் கோடு போட்டால் கருநீலப் புடவையில் மறைகிறது. வெள்ளைக் கோடு போட்டால் சந்தன நிறத்தில் மறைகிறது. இரண்டு நாள் அதிலேயே போனது. கடையில் ஒரு புடவையின் ஒரு பக்கக் கரை பச்சையாகவும் மறுபக்கக் கரை சிவப்பாகவும் இருந்ததைப் பார்த்தேன். கங்கா ஜமுனா கரை என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. ஒரு கோடு எதற்கு, அருகருகே இரண்டு கோடு போடலாமே. உள்ளே வெளிர் கோடு, வெளியே அடர் அரக்கு. எந்த நிறத்தின் மேல் வந்தாலும் இரண்டில் ஒன்று கட்டாயம் தெரியும். பிறகு தேடிப் பார்த்தபோது, இரண்டு நிறக் கோடு என்பது அணுகல்தன்மை வழிகாட்டிகளிலேயே சொல்லியிருக்கும் உத்தி என்று தெரிந்தது. அதனால் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. இப்போது தளத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அலங்காரம் அந்தக் கரைதான். மவுஸ் வைத்திருப்பவர்களுக்கும் அதையே காட்டுகிறோம், புடவையைத் தொட்டதும் கரை கட்டிக்கொள்ளும்.

எழுத்தின் நிறமும் அப்படித்தான் மாறியது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, டபிள்யூசிஏஜி 2.0, சொல்கிறது. சந்தன நிறத்தில் என் தங்க எழுத்து இரண்டைக்கூடத் தொடவில்லை. கடைக்காரர் தங்கத்தை விட மனசில்லாமல் இருந்தார். பெரியவர்தான் தீர்த்து வைத்தார். "ஜரிகை கரையிலதானே இருக்கணும், உடம்பு பூரா ஜரிகை போட்டா யார் கட்டுவா?" எழுத்து அரக்கு நிறத்துக்கு வந்தது, தங்கம் கோடுகளுக்கும் ஓரங்களுக்கும் போனது. அன்றிரவு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, அந்த மீட்டிங்கில் பேச்சுக்கு வந்த சாம்பல் நிறத்தை அளந்து பார்த்தேன். வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல். வேறுபாடு 2.85-க்கு 1 தான். அந்தப் பெண் சொன்னது சரி. இப்போது அவர் பெங்களூரில் இருக்கிறார். நம்பர் வாங்கிப் பேசினேன். அவருக்கு அந்த மீட்டிங் நினைவிருந்தது.

இழந்ததும் உண்டு

எல்லாமே லாபம் என்று சொன்னால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். பக்கம் திறந்ததும் விரியும் அந்த முந்தானை போய்விட்டது. 2013-ல் ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 7 வந்தபோது, திரையில் படங்கள் பாய்ந்து வரும் அசைவுகளால் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. அசைவைக் குறைக்கும் செட்டிங்கை அதன் பிறகுதான் பலரும் கவனிக்கத் தொடங்கினார்கள். 2017-லிருந்து அந்த விருப்பத்தை உலாவி மூலம் வெப்சைட்டும் தெரிந்துகொள்ள முடிகிறது. வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாம், முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் என் அம்மாவுக்கு வெர்டிகோ உண்டு. அவருக்கு இந்த மாதிரி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைக் கீழே வைத்ததைப் பார்த்த பிறகு, அதை அடியோடு எடுத்துவிட்டேன். அழகான அசைவு அது. மூன்று வாரம் அதற்காக உழைத்திருக்கிறேன். இன்றும் அந்த வீடியோவைத் திறந்து பார்ப்பதுண்டு.

விதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலும் என் பழைய வாக்கியம் உண்மையாகிவிடும். இதையும் சொல்ல வேண்டும். வேலையின் நடுவில், அவசரத்துக்கு எல்லாப் படங்களுக்கும் "பட்டுப்புடவை படம்" என்று மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் உரை, போட்டு வைத்தோம். தளங்களைத் தானாகச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் அணுகல்தன்மைக்கு நூற்றுக்கு நூறு வந்தது. டீம் முழுக்க சந்தோஷம். டீச்சர் திறந்தால் நானூறு முறை "பட்டுப்புடவை படம்" என்று கேட்டிருப்பார். மாற்று உரை இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். அதில் புடவை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விதி அந்த வாசல்வரைதான் கூட வருகிறது. உள்ளே போய் அந்தப் புடவையை ஒரு வாக்கியத்தில் நெய்வது எழுதுபவன் வேலை. நானூறு உரைகளை நானும் பெரியவரும் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினோம். என் டிசைன் வாழ்க்கையில் அவ்வளவு கற்பனையைக் கேட்ட வேலை வேறில்லை.

இணைய அணுகல்தன்மைக்காக வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு ஒவ்வொரு வருஷமும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் அணுகல்தன்மைப் பிழைகள். 79.1 சதவீதத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. வங்கி மாதிரி இடங்களில் ஆளை அடையாளம் சரிபார்க்கும் ஆன்லைன் கேஒய்சிக்குக் கண் சிமிட்டச் சொன்னார்கள், அது முடியாத ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போன வழக்கு அது. சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யும் டிசைனர் மூன்று 'அ' ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் அறைச் சுவரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் வளைந்த பிளைவுட் நாற்காலிப் படம் பல வருஷமாகத் தொங்குகிறது. டிசைன் படித்த யாருக்கும் அது தெரியும். 1942-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அவர்கள் செய்து கொடுத்த, அடிபட்ட காலை அசையாமல் பிடிக்கும் கால் கட்டைதான் அதற்கு முன்னோடி என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அப்போதிருந்த உலோகக் கட்டைகள் தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து, அடிபட்ட காலை இன்னும் மோசமாக்கின. சார்லஸ் ஈம்ஸ் தன் காலையே அச்சாக வைத்துப் பிளைவுட்டை வளைத்தார். போர் முடிவதற்குள் சுமார் 1,50,000 கட்டைகள் செய்தார்கள். ஒடிந்த காலுக்காகக் கற்றுக்கொண்ட அந்த வளைவுதான் பிறகு நாற்காலியாகியிருக்கிறது. நான் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தங்க எழுத்துகளை வரைந்தேன்.

மறுபடி செங்கல்பட்டு

புதிய தளம் தயாரானதும் டீச்சரிடம் காட்டப் போனேன். பேச்சுவாக்கில் என் பழைய வாக்கியத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "வெண்பாவுல சீரும் சீரும் சேர்ற விதிக்குத் தளைன்னு ஏன் பேர் வெச்சாங்க தம்பி? கால்ல மாட்டுற விலங்குன்னுதானே அர்த்தம். தளை தட்டினா அது வெண்பாவே இல்ல. அந்த விலங்கோட, தகர வரிசை எழுத்து மட்டும் வெச்சு ஒரு வெண்பா பாடினார் காளமேகப் புலவர். பத்தாததுக்கு அவரே ஒரு விலங்கு மாட்டிக்கிட்டார்" என்றார். வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். பேசிக்கொண்டே 'ஹெச்' தட்டினார். இந்தமுறை லேப்டாப் தமிழில் பேசியது. "யாருக்கு" என்றது. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார். 412-ஐயே வாங்கினார், அக்காவுக்கு.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "புடவை வந்துடுச்சு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு. கோர்வை சேர்ற இடம் விரல்ல நல்லா தெரியுது, நீங்க எழுதின மாதிரியே கோபுரம் கோபுரமா ஏறுது. ஒண்ணு மட்டும் சொல்லணும். முந்தியில அன்னம்னு போட்டிருக்கீங்க. தடவிப் பார்த்தா தலையில கொண்டை இருக்கு. வாலும் கீழ தொங்குது. மயில் இல்லையா அது?"

பெரியவருக்குப் போன் செய்தேன். அதே தறியில் நெய்த இன்னொரு புடவை கடையில் இருந்தது. அவர் அதை விரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மயில்தான்" என்றார். "இத்தனை வருஷமா நான் அன்னம்னே சொல்லிட்டிருக்கேன்."

அன்றிரவே அந்த ஒரு சொல்லை மாற்றினேன்.